தன் தபாலைத் தானே கொடுத்தவர்

பைக்குள் வந்த பதிவுத் தபாலைத் தபால்காரர் ஒருநாளும் திருப்பி எடுத்துக்கொண்டு போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டு, இந்த மனுஷனுக்கு மூளை கொஞ்சம் இளகிவிட்டதோ என்று நினைத்துவிடுவீர்கள். மூளை கெட்டியாகத்தான் இருந்தது. பிடிவாதம் அதைவிடக் கெட்டி.

பதினான்கு வருஷமாக அதே சைக்கிள், அதே தோள்பை. மழை வந்தால் மழைக்கோட்டு முதலில் பைக்கு, மிச்சம் மீதி இருந்தால் தனக்கு. நாய் துரத்தினால் ஓட மாட்டார். இறங்கி நின்று நாயோடு பேசிச் சமாதானமாகிவிடுவார். பூட்டிய வீடென்றால் மறுபடி வருவார். அப்போதும் பூட்டியிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் வருவார். பசிக்காத மனுஷன் உலகத்தில் உண்டா என்பது அவருடைய துப்பறியும் முறை.

வாயும் காலைப் போலத்தான், ஓயாது. பச்சைக் கதவு வீட்டுக்காரருக்கு மாடிவீட்டுத் தொட்டில் சேதி, மாடிவீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் முழங்கால் சேதி, மருந்துக்கடைக்குப் பள்ளிக்கூட வாத்தியார் மறுபடியும் மீசை வைத்த சேதி. கடிதம் ஒன்று கொடுத்தால் கதை இரண்டு இலவசம். அவர் வராத நாளில் தெருவே காது அடைத்த மாதிரி இருக்கும் என்பார்கள்.

இத்தனை பேச்சையும் தெருவிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனுஷன் காலிப் பானை. காலுறையைக் கழற்றி ஒரு மூலையில் போடுவார், தட்டில் இருப்பதைச் சாப்பிடுவார், எட்டு மணிக்குக் குறட்டை. விடியுமுன் எழுந்து தபால் பிரிக்கப் போக வேண்டுமே. சட்டைக் கம்பெனியில் தையல் வேலை செய்யும் மனைவி, நாள் முழுக்க மிஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒரு மனுஷக் குரலுக்காகக் காத்திருப்பாள்.

"ஊருக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் அழுக்குக் காலுறையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.

பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் பறக்கவில்லை, பக்கத்து வீடு கூடவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், ஒருநாள் வாளி தரையில் இடிக்குமே, அப்படி. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஆறு தெரு தள்ளி ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டாள். யார் மேல் தப்பு என்று கேட்டால், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஆளுக்கொரு குட்டு வைக்கலாம். அவருக்கு மட்டும் கொஞ்சம் பலமாக.

மகளுக்கு அப்போது எட்டு வயது. ஞாயிறுதோறும் பூங்காவில் இரண்டு மணி நேரம் அப்பாவைப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் வாய்வார்த்தையாகப் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்பதற்கே அரைமணி போய்விடும். ஒரு ஞாயிறு அவள் ஊஞ்சலை விட்டு இறங்காமல் கேட்டாள்.

"அப்பா, உங்க வீட்டுல எனக்கு பல்லு தேய்க்க பிரஷ் இருக்கா?"

"இல்லையேம்மா."

"அப்போ நான் அங்க விருந்தாளியா?"

பிள்ளை சும்மா கேட்டது. கேட்டுவிட்டுக் காலை வீசி ஆடப் போய்விட்டது. அவர்தான் அன்றைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஏறி ஓட்டவில்லை. மறுநாள் மீசை வைத்த வாத்தியாருக்குக் கடிதம் கொடுத்தபோதுகூட வாய் திறக்கவில்லை. தெருவுக்குக் கவலை வந்துவிட்டது.

முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூன்காரர்தான் கத்தரியை நிறுத்திவிட்டு விஷயத்தைப் பிடுங்கினார். அவருக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, பையனைப் பார்க்கிற விஷயமாக.

"கோர்ட்டுல மனு போடுங்க. சனிக்கிழமை சாயங்காலத்துலருந்து ஞாயிறு வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும். லீவுல பாதி உங்களுக்கு. கேட்டாத்தானே கிடைக்கும்?"

"வக்கீல் வைக்க நான் எங்க போவேன்?"

"வக்கீல் எதுக்கு? நமக்கு நாமே. நூலகத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க. ஒரு வக்கீலம்மா இலவசமா சொல்லித் தராங்க. தானே கேஸ் நடத்துற அப்பாக்களுக்குன்னே வெச்சிருக்காங்க." கத்தரியை மறுபடி எடுத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். அவங்க கையில சிவப்புப் பேனா இருக்கும். மனசைத் தேத்திக்கிட்டு வாங்க."

அந்த அறை, நூலகத்தின் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் கட்டிவைத்த பழைய செய்தித்தாள்களுக்கும் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி ஏழெட்டு அப்பாக்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு, தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேஜைத் தலைமாட்டில் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். சிவப்புப் பேனா அவள் காதில் செருகியிருந்தது. அங்கே வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயரும் அதுதான், முதுகுக்குப் பின்னால்.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றாள். "நான் உங்களுக்காக கோர்ட்டுல வந்து பேச மாட்டேன். என்ன எழுதணும், எங்க குடுக்கணும், எப்படி நிக்கணும், எல்லாம் சொல்லித் தருவேன். வாய் உங்களோடது."

"அதுக்குப் பஞ்சமே இல்லைம்மா," என்றார் மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பஸ் டிரைவர். "இவர் எங்க தெரு தபால். ஹாரன் இல்லாமலே ஊரைக் கூட்டுவார்."

தபால்காரர் உறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். இரண்டு வாரமாக எழுதியது.

"எத்தனை பக்கம்?"

"பதினொண்ணுங்க. பொடி எழுத்து."

அவள் காதிலிருந்து பேனாவை எடுத்தாள். மாமனார் வீட்டில் மதிக்கவில்லை என்கிற பத்தி போயிற்று. கல்யாணமான இரண்டாம் வருஷம் நடந்த வாக்குவாதம் போயிற்று. மனைவியின் அக்கா சொன்னது, அதற்கு இவர் சொன்னது, சொல்ல நினைத்துச் சொல்லாதது எல்லாம் வரிசையாகப் போயின. ஐந்தாம் பக்கத்தில் அவர் அவள் கையைப் பிடிக்காத குறை.

"அது நிஜமா நடந்ததுங்க. என் புது மழைக்கோட்டைத் தரை துடைக்கிற துணியாக்கிட்டா."

"நடந்திருக்கும். கோட்டு பாப்பாவைப் பத்தினதா?"

"இல்லைங்க."

"அப்போ போகட்டும்."

"ரப்பர் கோட்டுங்க. அது துடைக்கவே துடைக்காது."

"அந்த நியாயத்தை ஜட்ஜ் என்ன பண்ணுவார்? உங்களுக்குக் கோட்டு வேணுமா, பாப்பா வேணுமா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. சலூன்காரர்தான் பலமாகச் சிரித்தார். போன மாதம் அவருடைய பதினாறு பக்கம் போன வழியும் இதுதான். வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்து உரித்து, கடைசியில் தபால்காரருக்கு மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் மனைவியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் இல்லை. எல்லாம் பிள்ளையைப் பற்றி. சனிக்கிழமை வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை நடையில் எத்தனை நிமிஷம், பிள்ளை எந்தச் சுவரோரம் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கும், ஜன்னல் கம்பி எவ்வளவு நெருக்கம். புதிதாக வாங்கி வைத்த பிரஷ்கூட அதில் இருந்தது. எழுதிய தாளைப் படித்துப் பார்த்தபோது, தன் வாயிலிருந்து இவ்வளவு குறைவாக இவ்வளவு விஷயம் வரமுடியும் என்பது அவருக்கே ஆச்சரியம்.

"கோர்ட்டுல குடுத்து நம்பர் வாங்கிடுங்க," என்றாள் சிவப்புப் பேனா. "அப்புறம் ஒரு நகல் அவங்களுக்குப் போகணும். நீங்க நேர்ல போய்க் கையில குடுத்துடாதீங்க. வாசல்ல வந்து மிரட்டினார்னு நாளைக்குப் பேச்சு வரும். பதிவுத் தபால்ல அனுப்புங்க. கையெழுத்தாகி ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததும் இங்க கொண்டாங்க. அது இல்லாம ஜட்ஜ் வழக்கையே எடுக்க மாட்டார்."

"தபால்தானே? அதை நான் பார்த்துக்கறேன்," என்றார் தபால்காரர், அந்த அறையில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து.

நீதிமன்றம் குறித்த தேதி ஒரு புதன்கிழமை. அந்த வெள்ளியோடு பள்ளிக்கூடம் மூடுகிறது, ஆறு வாரம் விடுமுறை. லீவு விட்டதும் பிள்ளையைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள்; ரயிலில் ஒருநாள் தூரம். ஆகவே அந்தப் புதன்கிழமை தப்பினால் லீவு தப்பியது. அடுத்த தேதி எப்படியும் பள்ளி திறந்த பிறகுதான் கிடைக்கும்.

அவர் தன் அலுவலகத்திலேயே வரிசையில் நின்று, தன் கூட வேலை செய்கிறவர் கையாலேயே முத்திரை குத்தவைத்து, பதிவுத் தபாலை அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, மனைவி இருக்கும் தெருவுக்குப் போகிறவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. போஸ்ட் மாஸ்டர் அந்தத் தெருவையும் சேர்த்து இவர் தலையில் கட்டினார். தபாலைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. உறையின் மேல் தன்னுடைய எழுத்தே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், இது நான் அனுப்பினது."

"நல்லதாப் போச்சு. விலாசம் தேட வேண்டாம்," என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"எங்க வீட்டம்மாவுக்கு சார்."

"பைக்குள்ள வந்த தபாலுக்கு உறவுமுறை கிடையாதுய்யா. பதிவுத் தபால் அன்னிக்கே போகணும். உனக்கு நான் சொல்லணுமா?"

தபால்காரர் யோசித்துப் பார்த்தார். நேரில் கொடுக்காதே, தபாலில் கொடு என்றுதானே வக்கீலம்மா சொன்னாள்? இது தபாலில்தான் போகிறது. முத்திரை இருக்கிறது, எண் இருக்கிறது, பைக்குள் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிற ஆள் யாராயிருந்தால் என்ன? மனசுக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பதினான்கு வருஷப் பழக்கம் அந்த எறும்பை நசுக்கிவிட்டது.

பத்து மணிக்கு மூன்று மாடி ஏறினார். பூட்டு. எதிர்வீட்டுப் பெண், தானே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பதாகச் சொன்னாள். பெயருக்குரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி இறங்கினார். பன்னிரண்டுக்கு மறுபடி ஏறினார். பூட்டு. சாப்பாட்டு நேரம் பார்த்து ஒன்றரைக்கு ஏறினார். கதவு திறந்தது. வேலையிலிருந்து வந்த களைப்போடு, பிளவுஸில் குத்திய ஊசியைக்கூட எடுக்காமல் நின்றாள்.

"என்ன இந்த நேரத்துல? பாப்பா ஸ்கூல்ல இருக்கா."

தபால்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க பேருக்குப் பதிவுத் தபால் வந்திருக்கு."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பத்து வருஷமாக 'நீ', 'வா', 'போ' என்று கூப்பிட்ட வாய் 'அம்மா' என்கிறது, 'உங்க' என்கிறது.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"அதுக்கு முன்னாடி அடையாள அட்டை காட்டணும்மா."

"உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். நான் யாருன்னு தெரியாதா?"

"தெரியும்மா. விதி அப்படி."

அவள் உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். யாராயிருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்.

"படத்துல இருக்கிறதைவிட இளைச்சிருக்கீங்க," என்றார். அது மட்டும் விதியில் இல்லாதது.

"இதுல என்ன இருக்கு?"

"நான் சொல்லக் கூடாதும்மா. ஒட்டின கவர்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு மாடி இறங்கியதும் மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டதாக அவர் சொல்லுவார். இருமலாகவும் இருந்திருக்கலாம்.

ஒப்புகைச் சீட்டு அனுப்பியவர் பெயருக்குத் திரும்பி வந்தது. அதை வியாழக்கிழமையன்று, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி மேஜையில் வைத்தார். சிவப்புப் பேனா அதை எடுத்தாள். அனுப்பியவர் பெயரைப் படித்தாள். கீழே, கொண்டுபோய்க் கொடுத்தவர் கையெழுத்தைப் படித்தாள். சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதாங்க. நான்தானே தபால்காரன்."

அவள் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வாதியும் நீங்க, தபால்காரரும் நீங்க. சாட்சிக்கு உங்க சைக்கிளைக் கூப்பிடலாமா?"

பஸ் டிரைவர் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறி, அவரை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சிவப்புப் பேனாவும் சிரித்தாள், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டாள். வழக்குப் போட்டவரே காகிதத்தைக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே ஆகாது. மூன்றாம் மனுஷர் யாராவது கொடுத்திருக்க வேண்டும் என்று விளக்கினாள். புதனுக்குள் இன்னொரு தபால் போய்ச் சீட்டுத் திரும்புவதற்கு நேரமில்லை. ஜட்ஜ் தேதியைத் தள்ளிவைப்பார். தள்ளினால் லீவு போச்சு.

தபால்காரருக்கு முகம் வெளுத்தது. பிரஷ் வாங்கியாயிற்று. கட்டில் போட்டாயிற்று.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவந்த பஸ் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு கையெழுத்து. யாருக்குத் தெரியப் போகுது? பேசாம நீட்டிடு தபால்."

"தபால் விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன்," என்றார் தபால்காரர். "வேற எதுல வேணா சொல்றேன்."

"வேற எதுலயும் வேண்டாம்," என்றாள் சிவப்புப் பேனா. "அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடணும். மூணே வாக்கியம். நாலாவது வாக்கியம் வந்தா நான் இங்கிருந்தே தும்முவேன், உங்களுக்கு அங்க கேக்கும்."

ஒத்திகை நடந்தது. உயரமான நாற்காலியாகப் பார்த்துச் சலூன்காரர் நீதிபதியாக ஏறி உட்கார்ந்தார். தபால்காரர் முதல் தடவை தன் வேலையின் வரலாற்றில் ஆரம்பித்தார். இரண்டாம் தடவை சுளுக்கின கால் யாருடையது என்பதில் போய் மாட்டிக்கொண்டார். ஆறாவது தடவை மூன்று வாக்கியத்தில் முடித்தபோது, அப்பாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"தீர்ப்பு உங்க பக்கம்," என்றார் சலூன்காரர். "அடுத்த ஆள் வாங்க. தலையைக் குனிங்க."

புதன்கிழமை காலை குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் அவர் தேய்த்த சட்டையோடு நின்றார். எதிர்ப்பக்கப் பெஞ்சில் மனைவி. அவளும் வக்கீல் வைத்திருக்கவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்து, ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். மேஜையில் வெந்நீர்க் குவளை. கீழே உட்கார்ந்திருந்த பெஞ்ச் கிளார்க் ஒப்புகைச் சீட்டைக் கேட்டார். தபால்காரர் அதை நீட்டினார், கிளார்க் படிக்குமுன்பே பேச ஆரம்பித்தார்.

"ஐயா, இந்தத் தபாலை அனுப்பினதும் நான்தான், கொண்டுபோய்க் குடுத்ததும் நான்தான். அந்தத் தெரு ஆளுக்குக் கால் சுளுக்கினதால அது என் பையில வந்துடுச்சு. தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, மறைக்க விரும்பலை."

மூன்று. எண்ணிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தார். "போஸ்ட் மாஸ்டர்கிட்ட சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"பைக்குள்ள வந்த பதிவுத் தபாலை நான் திருப்பினதே இல்லைங்க ஐயா."

பெஞ்ச் கிளார்க் எழுந்து, விதிப்படி இது செல்லாது என்றார். நீதிபதி தலையாட்டிவிட்டுத் தேதிப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தார். பக்கம் புரண்டது. ஒரு மாதம் புரண்டது. அடுத்த மாதமும் புரண்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தபால்காரருக்கு நெஞ்சுக்குள் ஒரு படி சறுக்கியது. ரயில், அக்கா வீடு, ஆறு வாரம்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

மனைவிதான். வகுப்பில் கையைத் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க."

"தபால் எனக்கு வந்து சேர்ந்ததுங்க. கையெழுத்து என்னோடதுதான். வேற யாராவதா இருந்தா பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிருப்பாங்க. இவர் மூணு தடவை மாடி ஏறினாராம், எதிர்வீட்டுல சொன்னாங்க. என்கிட்டயே அடையாள அட்டை கேட்டார்."

பெஞ்ச் கிளார்க் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"உங்களை மிரட்டினாரா? ஏதாவது வற்புறுத்தினாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"இளைச்சிருக்கேன்னு சொன்னார். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "உள்ள என்னைத் திட்டி எழுதியிருக்கும்னு ரெண்டு நாள் பிரிக்கவே இல்லைங்க. பிரிச்சா ஒண்ணரைப் பக்கம். என்னைப் பத்தி ஒரு சொல் இல்லை. பாப்பா எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பான்னு எழுதியிருக்கு. நானும் ஒரு பதில் எழுதி வெச்சிருந்தேன், ஒன்பது பக்கம். அதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"அப்போ தபால் குடுத்த முறையில உங்களுக்கு ஆட்சேபணை இல்லை?"

"தபால்ல இல்லைங்க. மத்ததுல இருக்கு."

நீதிபதி தேதிப் புத்தகத்தை மூடினார். "அவங்களே வந்து நிக்கறாங்க, ஆட்சேபணையும் இல்லைங்கறாங்க. நான் எதுக்குத் தள்ளிவைக்கணும்? இன்னிக்கே கேக்கறேன். உங்க மத்த ஆட்சேபணையைச் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். இவர் எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிற ஆள், விடியுமுன் கிளம்பிவிடுகிற ஆள்; லீவில் பிள்ளை அங்கே போனால் சுவரோடுதான் பேச வேண்டும். தெருவுக்கெல்லாம் கதை சொல்லிவிட்டுக் காலிப் பானையாக வீட்டுக்கு வருகிறவரிடம் பிள்ளையை விட்டால், தான் பட்டதையே பிள்ளையும் படும். "பாப்பா இருக்கிற நாள்ல இவர் வேலைக்குப் போகக் கூடாது. வாயைத் திறந்து அவகிட்ட பேசணும். அதுக்கு ஒத்துக்கிட்டா லீவுல முதல் பதினாலு நாள் வெச்சுக்கட்டும். மிச்சத்துக்கு நான் அக்கா வீட்டுக்கு அனுப்பறேன். சனி ஞாயிறும் அதே மாதிரி."

நீதிபதி தபால்காரர் பக்கம் திரும்பினார். "லீவு இருக்கா உங்களுக்கு?"

"எடுத்ததே இல்லைங்க ஐயா. சேர்ந்து கிடக்கு."

"பேசுவீங்களா?"

தபால்காரர் வாயைத் திறந்தார். பதினான்கு வருஷமாக வாசல் வாசலாக ஓடிய வாய் அங்கே அடைத்துக்கொண்டது. மனைவியைத்தான் பார்த்தார். அவளும் சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசறேன்," என்றார். "உன்கிட்டயும் பேசியிருக்கணும். தப்புதான்."

நீதிபதி பலமாக ஒருமுறை மூக்கைச் சிந்திவிட்டு உத்தரவை எழுதச் சொன்னார்.

வழக்கு முடிந்ததோடு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். சேரவில்லை. நடக்காததை நடந்ததாகச் சொல்லக் கூடாது. அவள் வீடு அவளுக்கு, இவர் வீடு இவருக்கு. ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது, எந்தச் சோப்புப் போட்டால் பிள்ளைக்குத் தோல் அரிக்கும், எந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அவர் கேட்டுக்கொண்டே வந்தார். வாசலில் கால்மணி நேரம் நின்றார்கள். கல்யாணமாகி இருந்த காலத்தில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதாக இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நூலக அறையில் அவர் சேதியைச் சொன்னபோது, பஸ் டிரைவர் மேஜையைத் தட்டித் தட்டி ஒரு கால் உடைந்த நாற்காலியைக் கீழே தள்ளிவிட்டார். சிவப்புப் பேனா உத்தரவின் நகலைப் படித்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் போலத் தெரிந்தது.

"மூணு வாக்கியத்துல முடிச்சீங்களா?"

"மூணே மூணு. எண்ணிக்கிட்டேன்."

"அப்போ உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். இங்க இத்தனை பேரோட காகிதம் போக வேண்டியிருக்கு. மூணாம் மனுஷர் ஒருத்தர் நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும். வாசல்ல சண்டை போடாம, பல்லைக் காட்டாம, சரியான ஆள் கையில குடுக்கணும். யாராவது இருக்காங்களா?"

எல்லாரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்த சாயங்காலங்களில், பிள்ளை வராத நாள்களில், அந்த அறையின் காகிதங்கள் அவர் கையால்தான் போகின்றன. காசு வாங்குவதில்லை. கோபத்தோடு கதவைத் திறக்கிறவர்கள்கூட, இவர் அடையாள அட்டை கேட்கிற மரியாதையில் கொஞ்சம் அடங்கிவிடுகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனைதான் அவருக்குப் போட்டிருக்கிறாள் சிவப்புப் பேனா: போகிற வீட்டில் கதை சொல்லக் கூடாது. அதில் மட்டும் அவர் பாதிதான் தேறியிருக்கிறார்.

பள்ளி மூடிய மறுநாள் மகள் ஒரு பெட்டியும், ஒரு தலையணையும், காது கிழிந்த ஒரு துணி முயலுமாக வந்து இறங்கினாள். டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையை மூலைமூலையாகப் பார்வையிட்டாள். கட்டிலில் ஏறிக் குதித்தாள். அலமாரியில் ஒரு தட்டைத் தனக்கென்று காலி செய்ய வைத்தாள். அப்பாவின் சீருடையை எடுத்துக் கடைசித் தட்டுக்குத் தள்ளினாள்.

அன்றைக்கு எட்டு மணிக்கு அவருக்குக் கண் சொருகியது. ஆனாலும் வாக்குக் கொடுத்த மனுஷன். பச்சைக் கதவு வீட்டுக்காரரின் பூனை பதினோரு நாள் காணாமல் போய், தபால் பெட்டிக்குள் மூன்று குட்டியோடு அகப்பட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் அவருக்கே தூக்கம் போய்விட்டது. பிள்ளைதான் தூங்கிவிட்டது.

மறுநாள் வேலையில்லை. ஒன்பது மணி இருக்கும். ஜன்னலில் வெயில் ஏறிக் கட்டில் கால்வரை வந்திருந்தது. கீழே டயர்க் கடையில் சுத்தியல் சத்தம் ஆரம்பமாகியிருந்தது. அந்த நேரத்தில் தன் அறையில் எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதையே அவர் அதுவரை பார்த்ததில்லை. தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அப்பா, நீங்க வேலைக்குப் போகலையா?"

"போகலை."

"நாளைக்கு?"

"போகலை."

"நாளன்னிக்கு?"

"பதினாலு நாளைக்குப் போகலைம்மா."

அவள் முயலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ நான் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கறேன்," என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.